இரவுக்கு ஓர் அறை, காருக்கு ஒரு பிளக்

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ஒன்றையொன்று ஒட்டியபடி வரும் ஊர்களைத் தாண்டினால் சுமார் 20 கி.மீ.யில் பாலராமபுரம். அங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 14 கி.மீ.தான். பெட்ரோல் காரில் வருபவருக்கு இந்தப் பழைய சாலை ஒரு மணி நேர எரிச்சல். குறுகலான கடைத்தெரு, விடாத ஹாரன், நகராத பஸ். எப்போது தலைநகரம் வரும் என்பதுதான் அவர் கவலை.

மின்சாரக் காரில் வருபவரின் கவலை வேறு. இன்றிரவு எங்கே தூங்குவது, தூங்கும்போது கார் எங்கே சாப்பிடுவது என்பதுதான் அவருடைய கேள்வி. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இதற்குப் பதில் தெரிந்திருந்தால் பயணம் சுகம். இல்லாவிட்டால் இரவு பத்து மணிக்கு, பசித்த குழந்தைகளோடு, ஏதோ ஒரு சார்ஜிங் நிலையத்தின் வாசலில் வரிசையில் நிற்க வேண்டிவரும்.

சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சுமார் 770 கி.மீ. மதுரையில் ஓர் இரவு தங்கிப் போவது பலரும் செய்வது. 45 யூனிட் கொள்ளளவு பேட்டரி உள்ள காரை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டு நிதானமாக ஓட்டினால் யூனிட்டுக்கு 6 அல்லது 7 கி.மீ. கிடைக்கும். அதாவது முழு பேட்டரிக்கு 270 முதல் 315 கி.மீ. வரை. மதுரைக்கு வந்து சேரும்போது பேட்டரியில் 40 சதவீதம் மிச்சமிருக்கிறது என்றால், ஏற்ற வேண்டியது 27 யூனிட். ஹோட்டலின் 15 ஆம்பியர் பிளக் மணிக்கு அதிகபட்சம் 3.3 யூனிட் தரும். கொஞ்சம் வெப்பமாக வீணாகும். ஆக, ஒன்பது மணி நேரம். இரவு ஒன்பதுக்குச் செருகினால் காலை ஆறுக்கு பேட்டரி நிறைந்திருக்கும்.

இந்த ஒன்பது மணி நேரத்தின் விலை மறுநாள்தான் தெரியும். மதுரையிலிருந்து பாலராமபுரம் ஏறக்குறைய 300 கி.மீ. நிறைந்த பேட்டரியுடன் புறப்படுபவர் திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ சாப்பிட நிற்கும்போது அரைமணி நேரம் வேகமாக சார்ஜ் ஏற்றிக்கொண்டால் போதும். 40 சதவீதத்தோடு புறப்படுபவரோ காலை முழுவதும் சார்ஜரைத் தேடியே ஓட வேண்டும். வேக சார்ஜர்களும் 80 சதவீதம் வரைதான் வேகம் காட்டும். அதற்கு மேல் பேட்டரியைக் காப்பாற்ற காரே மின்சாரத்தைக் குறைத்து வாங்கிக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்தை ஏற்ற உகந்த இடம், ஆள் தூங்கும் இடம்தான்.

வழியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று, நாகர்கோவிலை நோக்கிப் போகும் காருக்கு எதிர்க்காற்று. அந்த மாதங்களில் திரையில் தெரியும் கிலோமீட்டர் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. போகும்போது பறிக்கும் காற்று, திரும்பும்போது கொஞ்சம் கொடுத்துவிடும் என்பது ஆறுதல்.

ஹோட்டலை போனில் விசாரிப்பதே ஒரு கலை. “சார்ஜிங் வசதி உண்டா?” என்று கேட்டால், “ரூமிலேயே பிளக் இருக்கு சார்” என்று பதில் வரலாம். ரிசப்ஷனில் இருப்பவருக்கு சார்ஜ் என்றால் செல்போன்தான் நினைவுக்கு வரும். கேட்க வேண்டியது இதுதான்: கார் நிறுத்துமிடத்தில் 15 அல்லது 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா? பழைய லாட்ஜ்களில் இந்தப் பெரிய பிளக் ஏ.சி.க்கும் குளியலறை கீசருக்கும் இருக்கும். கார் நிற்கும் இடத்தில் இருக்காது. முதல் மாடி ஜன்னல் வழியாக மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் ஏற்றுவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவது. ஒரு கீசரை இரவு முழுவதும் அணைக்காமல் ஓடவிட்டால் ஒயர் எவ்வளவு சூடாகுமோ அவ்வளவு சூடாகும். ஒயர் தடிமனான செம்புக்கம்பியாக இருக்க வேண்டும். பிளக் மழைபடாத கூரையின் கீழ் இருக்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் தென்கேரளத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

அடுத்தது எர்த். பெரும்பாலான மின்சாரக் கார்களின் சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் வேலை செய்ய மறுத்துவிடும். சிவப்பு விளக்கைக் காட்டி உட்கார்ந்துவிடும். அதே பிளக்கில் கிரைண்டர் ஓடும், இஸ்திரிப் பெட்டி சூடாகும். கார் மட்டும் அசையாது. ஹோட்டல்காரர் காரைக் குறை சொல்வார். கார்க்காரர் ஹோட்டலைக் குறை சொல்வார். ஜெனரேட்டர் ஓடும் நேரத்திலும் சில இடங்களில் இதே தகராறு எழும். அறைச் சாவியை வாங்குவதற்கு முன் பிளக்கைச் செருகி ஐந்து நிமிடம் பார்த்துவிடுவது உத்தமம். சரிவராவிட்டால் வேறு இடம் போக பேட்டரியில் குறைந்தது 20 சதவீதமாவது மிச்சமிருக்க வேண்டும். அப்படிப் போவதற்கு 10 கி.மீ. சுற்றளவில் ஒரு வேக சார்ஜர் எங்கே இருக்கிறது என்பதும், அதற்கான செயலியில் பணம் இருக்கிறதா என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி என்பது இன்றைய நிலைமை.

மூன்றாவது, காசு. ஒரு இரவில் 30 யூனிட் என்றால், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் ரூ.300. சிலர் இலவசமாகவே தருகிறார்கள். சிலர் ஒரு தொகை கேட்கிறார்கள். ‘மின்சாரம் விற்க லைசென்ஸ் வேண்டுமே’ என்று தயங்கும் முதலாளிகளும் இருக்கக்கூடும். அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. மின்வாகனத்துக்கு சார்ஜ் ஏற்றித் தருவது ஒரு சேவை, அதற்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று கேட்டுப் பழகிய நம் ஹோட்டல்கள், காருக்குச் சாப்பாடு உண்டா என்ற கேள்விக்கும் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லையைத் தாண்டியதும் கணக்கில் ஒரு திருப்பம். இரவில் மின்சாரம் மலிவு என்பது பழைய பாடம். கேரளத்தில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு அது தலைகீழ். 2025இல் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்கட்டணம் 30 சதவீதம் குறைவு. மாலை 4 முதல் மறுநாள் காலை 9 வரை 30 சதவீதம் அதிகம். கூரைகளில் பெருகிவிட்ட சூரியத் தகடுகள் பகலில் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. இரவிலோ வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. காரணம் அவ்வளவுதான். எனவே இங்கே விதி எளிது: வேக சார்ஜர் பகலுக்கு, ஹோட்டல் பிளக் இரவுக்கு. பகல் உணவுக்கு எல்லையைத் தாண்டி வந்து சேருகிறபடி திட்டமிடுபவருக்குப் பணமும் மிச்சம், பொழுதும் மிச்சம்.

அந்தப் பொழுதை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பாலராமபுரத்திடம் பதில் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர் இது. அவர் காலத்திலும் திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியிலும் இன்றைய தமிழகத்தின் தென்கோடியிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே வரவழைக்கப்பட்டு, அரச குடும்பத்துக்குத் துணி நெய்யக் குடியமர்த்தப்பட்டன. சிங்கிள் தெரு, டபுள் தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்று அவர்கள் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டுக்குள் குழித்தறி, குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறார்கள். கசவு வைத்த வேட்டியும் முண்டும் நேரியதும் இங்கே பிறக்கின்றன. துணியின் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பது பாலராமபுரம் நெசவின் அடையாளம். புவிசார் குறியீடும் பெற்ற துணி இது.

இதில் பார்க்க வேண்டியது விடிகாலையில்தான். பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, பிரஷால் நீவி இழை பிரிப்பார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சீக்கிரம் காய்ந்து நூல் கெட்டுவிடும் என்பதால் விடியும் நேரமே வேலைக்கு உகந்தது. திருவனந்தபுரத்தில் தூங்கி பத்து மணிக்கு வந்து இறங்குபவருக்குக் கிடைப்பது கடையில் மடித்து வைத்த புடவை மட்டுமே. பக்கத்தில் இரவு தங்கியவருக்குத்தான் அது நெய்யப்படுவதற்கு முந்தைய கதை கிடைக்கும்.

ஆனால் பக்கத்தில் தங்க எங்கே இடம்? பாலராமபுரத்தில் தங்கும் விடுதிகள் சொற்பம். நெய்யாற்றின்கரையில் சாதாரண லாட்ஜ்கள். விழிஞ்ஞம் சாலையில் பத்துப் பன்னிரண்டு கி.மீ. போனால் கோவளம். கடற்கரை ஹோட்டல்களில் கார் சார்ஜருக்கான வாய்ப்பு அதிகம், வாடகையும் அதிகம். நெய்யாற்றின்கரையில் தங்குபவருக்கு இன்னும் சில ஆதாயங்கள்: 1888இல் நாராயண குரு சிவலிங்கம் பிரதிஷ்டை செய்த அருவிப்புறமும், 111 அடிக்கும் அதிக உயரமான சிவலிங்கம் எழுப்பப்பட்டிருக்கும் செங்கல் கோயிலும் அருகில்தான். ஒரு பகல் முழுவதும் சுற்றினாலும் கார் 60, 70 கி.மீ. ஓடாது, பத்துப் பன்னிரண்டு யூனிட்டில் முடிந்துவிடும்.

இந்த ஊர்களுக்கும் அந்தப் பயணி தேவை. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை சுமார் 43 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்ட புதிய புறவழிச்சாலை, பாலராமபுரத்தையும் நெய்யாற்றின்கரையையும் தொடாமல் கடலோரப் பக்கமாகவே எல்லைக்குப் போய்விடுகிறது. அமரவிளைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரி ரசீதோடு காத்துக் கிடந்த காலமும் 2017இல் ஜி.எஸ்.டி.யோடு முடிந்தது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பாலராமபுரத்திலிருந்து போட இருக்கும் 10.7 கி.மீ. ரயில் பாதையும் பெரும்பகுதி சுரங்கத்துக்குள்தான். சரக்கு ஊருக்கு அடியில் போகும், சுற்றுலாக் கார் ஊரைச் சுற்றிப் போகும். நின்று, இறங்கி, நடந்து, வாங்கிப் போகிற ஆள் மட்டும் குறைவார். அப்படி நின்றே தீர வேண்டிய ஒரே கார் மின்சாரக் கார்தான்.

மின்வாகனம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. பாலராமபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஆறாலும்மூட்டில் இருக்கிறது கேரள அரசின் கேரளா ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை. ‘நீம்-ஜி’ என்ற மின்சார ஆட்டோ 2019இல் சாலைக்கு வந்தது அங்கிருந்துதான். கேரள மின்வாரியம் 2021இல் கோழிக்கோட்டில் தொடங்கி மாநிலமெங்கும் மின்கம்பங்களில் சார்ஜிங் பெட்டிகளை மாட்டியது. அவை ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் பொருத்தமானவை. வெளியூர்க் காருக்கு வேண்டியது இரவு முழுவதும் நிற்க இடமும் ஒரு பிளக்கும்.

அதைத் தர பெரிய முதலீடு வேண்டியதில்லை. கூரையின் கீழ் ஒரு 16 ஆம்பியர் பிளக், தடித்த ஒயர், ஒழுங்கான எர்த் குழி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி, யூனிட் கணக்கு பார்க்க ஒரு சின்ன மீட்டர். சில ஆயிரம் ரூபாய் வேலை. 2019இல் திருத்தப்பட்ட மாதிரி கட்டட விதிகள், புதிய கட்டடங்களின் வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் ஏற்பாடு வேண்டும் என்கின்றன. பழைய லாட்ஜ்களை அவை எட்டவில்லை. விதி வரும் வரை காத்திருக்காமல் முதலில் ஒரு பிளக் போடுகிற லாட்ஜ்காரருக்கு இரவு வாடகை கிடைக்கும். விடிகாலையில் சாலியர் தெருவுக்கு நடந்து போக, அவசரமில்லாத நாலு பேரும் கிடைப்பார்கள்.