கொட்டு வாங்கினது யார்?

திருநெல்வேலியில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிற அறையின் யன்னல் மூலையில் ஒரு மண்கூடு வளரத் தொடங்கியது. கறுப்பும் மஞ்சளுமாய், நூல்போல இடுப்புள்ள ஒரு குளவி. ராணியும் இல்லை, கூட்டமும் இல்லை. தனியாளாய் ஈரமண்ணை உருட்டிக்கொண்டு வந்து அப்பியது. இப்படியானவற்றைத் தனிக்குளவி என்கிறார்கள்.

நாங்கள் மூவரும் ஒரே பள்ளிக்கூடம். அங்கே ஒரு சேர் பிரம்பைத் தூக்கும்போதெல்லாம், "குளவி கொட்டக் கொட்டத்தான் புழு குளவியாகும்" என்பார். கம்பஸுக்கு வந்தால் சைவசித்தாந்த வகுப்பிலும் அதே குளவி. சீடனைத் தன்னைப்போல ஆக்கும் குருவுக்கு உவமையாம்.

ஒருநாள் யன்னலைச் சாத்தும்போது கூட்டின் ஒரு பக்கம் உடைந்தது. உள்ளே ஏழெட்டுச் சிலந்திகள். செத்தவை இல்லை, கால் மெல்ல அசைந்தது. ஒன்றின் வயிற்றில் வெள்ளைப் புழு ஒன்று ஒட்டிக்கொண்டு தின்றுகொண்டிருந்தது.

அப்பதான் விளங்கினது. தாய்க்குளவி கொட்டுவது சிலந்தியை. அது அசையாமல், பழுதாகாமல் கிடக்கும். அதன்மேல் முட்டையிட்டு மண்ணால் மூடிவிடும். புழு முதலிலிருந்தே குளவியின் பிள்ளை. கொட்டு வாங்கினது குளவியாகவே இல்லை!

அன்றிரவு போனில் தேடித்தேடி வாசித்தோம். ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் கார்ல் குரொம்பைன் (1912–2005) மரத்துண்டுகளில் துளைபோட்டு வைப்பாராம். குளவிகள் அதற்குள் கூடு கட்டின பிறகு பிளந்து, என்ன இரை, எத்தனை அறை என்று குறிப்பாராம். 1967 இல் அதைப் பெரிய நூலாக்கினார். பிறகு இலங்கைக் குளவிகளைப் பற்றித் தொடராய் எழுதி, பல புது இனங்களை விவரித்தார்.

புது இனம் என்று சும்மா சொல்லிவிட ஏலாது. ஒரு குளவியை ஊசியில் குத்தி மாதிரியாய் வைக்கவேணும். இறகு நரம்பு, முகம், இடுப்பின் நீளம் என்று ஏற்கெனவே பெயருள்ளவற்றோடு ஒப்பிட்டு, எதில் வேறு என்று எழுதி அச்சிடவேணும். அந்த மாதிரி எக்காலமும் காப்பகத்தில் இருக்கும். சந்தேகப்படுகிற எவரும் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். 1781 இல் ஃபப்ரிசியஸ் விவரித்த ஒரு மண்குளவியின் பெயர் ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். மதராஸ்பட்டணம் அதன் பெயருக்குள்ளேயே கிடக்கிறது. எங்கட யன்னல் குளவி அதுதானா? போட்டோவை வைத்துக்கொண்டு சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

சேருக்கு அந்தத் தயக்கம் இருந்ததில்லை. முதல் தவணையிலேயே எங்களைக் கெட்டிக்காரர், மொக்குகள் என்று இரண்டாய்ப் பிரித்துவிட்டார். கடைசி வாங்கில் இருந்த ஒருத்தன் தினமும் அடி வாங்கினான். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். நாங்கள் பாஸாகி இங்கே வந்தோம். பிரம்புதான் எங்களை ஆளாக்கினது என்று கனகாலம் நாங்களே சொல்லித் திரிந்திருக்கிறோம். உண்மையில் எங்களுக்கு வீட்டில் படிப்பிக்க ஆள் இருந்தது, ரியூசனுக்குக் காசு இருந்தது. அவனுக்கு இரண்டும் இல்லை.

எங்களில் இரண்டு பேர் நாளைக்கு ஆசிரியராகப் போகிறோம். அந்தக் குளவிக் கதையைச் சொல்லத்தான் போகிறோம், ஆனால் கூட்டை உடைத்துக் காட்டிவிட்டு.