பழைய பிளக்கைப் பார்த்துப் புதியதை வாங்குங்கள்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருக்கும் அந்தப் பட்டறையில் பழைய மாருதி 800 ஒன்று பானெட் திறந்து நின்றது. சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது, பிக்கப்பும் இல்லை என்பது சொந்தக்காரரின் புகார். கையோடு மூன்று புது பிளக்கும் வாங்கி வந்திருந்தார். மெக்கானிக் அவற்றைப் பிரிக்கவில்லை. இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்தார். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு கை வைத்தால் மரை போய்விடும்.

கழற்றிய மூன்றையும் சிலிண்டர் வரிசை மாறாமல் செய்தித்தாள் மேல் வைத்தார். இரண்டின் நுனி வெளிர் பழுப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்றாவது கன்னங்கரேலென்று, தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டியது. “இது பிளக் கோளாறு இல்ல சார். ரிங்கோ வால்வு சீலோ ஆயில் விடுது. புதுசு போட்டாலும் கொஞ்ச நாள்ல இப்படித்தான் வந்து நிக்கும்” என்றார். எண்ணெய் இல்லாத காய்ந்த கரி என்றால் பெரும்பாலும் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் நுனி அளவுக்கு மீறிச் சுடுகிறது.

இந்தச் சூடுதான் விஷயமே. நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிகிற கரி எரிந்து போகும். 850ஐ நெருங்கினால் தீப்பொறி வருமுன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும்; பிஸ்டனே ஓட்டையாகலாம். பிளக்கின் ஹீட் ரேஞ்ச் எண் இதற்காகத்தான். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த பிளக். பழைய மெக்கானிக்குகள் மைகோ என்று சொல்லிப் பழகிய பாஷில் எண் கூடினால் சூடான பிளக். என்ஜிகே பிபிஆர்6இஎஸ்ஸுக்கு ஈடு பாஷில் டபிள்யூஆர்7டிசி. ஆறுக்கு ஆறு என்று கேட்டு வாங்கினால் தப்பு.

பிறகே புது பிளக்கை எடுத்துப் பழையதோடு ஒட்டிப் பிடித்து மரையின் நீளத்தை ஒப்பிட்டார். 12.7 மில்லிமீட்டர் மரை கேட்கும் ஹெட்டில் 19 மில்லிமீட்டர் பிளக்கைப் போட்டால் பிஸ்டனில் இடிக்கும். பெயரில் உள்ள ‘ஆர்’ உள்ளே ரெசிஸ்டர் இருப்பதைச் சொல்கிறது. கம்பெனி அதைக் கேட்டிருந்தால் இல்லாததைப் போடக் கூடாது. இரிடியம் பிளக் போடலாமா என்று சொந்தக்காரர் கேட்டார். எண்ணெய் குடிக்கிற இன்ஜினுக்கு அந்தச் செலவு வீண் என்றார் மெக்கானிக். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

பெட்ரோல் டியூப் துண்டு ஒன்றைப் பிளக்கின் தலையில் மாட்டி, அதைத் திருகியே மரையில் ஏற்றினார். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும். ஸ்பேனர் வழுக்காது, மரையைத் தின்றுவிடும். கையால் முழுக்க ஏறியபின்தான் ஸ்பேனர் வந்தது. புது வாஷருக்கு அரைச் சுற்று, அவ்வளவுதான்.

அடுத்த முறை பிளக் மாற்றக் கொடுக்கும்போது, வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணைச் சொல்லி வாங்குங்கள். கழற்றிய பிளக்குகளை எறியவிடாமல் வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.