சியோல் நாட்கள் – 6: எந்த ஊர் விமானம்?

"எப்போது ஊருக்குக் கிளம்புகிறீர்கள்? எந்த ஊர்?"

குடையை மடக்கி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிட்டது. கேட்டவர் மதுக்கூட வாசலில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்த கனடாக்காரர். "அடுத்த வெள்ளி, சென்னைக்கு" என்றேன். அவர் முகம் வாடியது. சென்னைக்குப் போகிறவன் என்றால் அவ்வளவு மட்டமா என்று எனக்குச் சுருக்கென்றது. நுழைவுக் கட்டணம் பத்தாயிரம் வொன், நம் கணக்கில் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். வாங்கிக்கொண்டு என் புறங்கையில் நாய்ப் பாதம் போல ஒரு முத்திரை குத்தி உள்ளே விட்டார். அன்று இரவுக்குள் இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று முகமும் அதே மாதிரி வாடின.

போன வாரம் கதையைச் சுவொன் கோட்டை மதிலில் நிறுத்தியிருந்தேன். அங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் தம்பிதான் இந்தச் சனிக்கிழமை என்னை இழுத்து வந்தது. "அண்ணே, வெளிநாட்டுக்காரங்க எல்லாம் சேர்ந்து நாய்களுக்காகக் காசு சேர்க்கிறாங்க, வந்து பாருங்க" என்றான். எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. வெள்ளைக்காரர்கள் பீர் குடித்துவிட்டு அடுத்தவர் சோற்றுத் தட்டைப் பற்றி உபதேசம் செய்யும் கூட்டம் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

இடம் ஹேபாங்சோன். 'விடுதலைச் சேரி' என்று பெயர்க்கலாம். 1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்ததும் வெளிநாடுகளிலிருந்து திரும்பியவர்களும், வடக்கிலிருந்து தப்பி வந்தவர்களும் நாம்சான் மலைச் சரிவில் குடிசை போட்டு உண்டாக்கிய ஊர். அடிவாரத்தில் யோங்சான் அமெரிக்கப் படைத்தளம் இருந்ததால் வெளிநாட்டவர் நடமாட்டம் தொற்றிக்கொண்டது. படைத் தலைமையகம் 2018இல் தெற்கே பியோங்தேக் போய்விட்டது. ஆங்கில வாத்தியார்கள் மிச்சம். நொக்சாப்யோங் நிலையத்தில் இறங்கி மழையில் ஏறினோம். ஒரு பக்கம் மிளகாய் காயவைக்கும் மொட்டை மாடி, மறுபக்கம் பர்கர் கடை. ஜப்பானியர்கள் தங்கள் போர்வீரர் கோயிலுக்காகக் கட்டிய 108 படிகள் இன்னும் இருக்கின்றன. கோயில் இல்லை. படிகளின் நடுவே கிழவிகளுக்காகச் சாய்வு லிஃப்ட் ஓடுகிறது.

மதுக்கூடத்துக்குள் எழுபது பேர் இருப்பார்கள். சுவரெல்லாம் நாய்ப் படங்கள், கீழே பெயர்கள்: தூபு, கோங், கம்ஜா, இன்ஜொல்மி. தம்பி மொழிபெயர்த்தான்: சோயா பன்னீர், மொச்சை, உருளைக்கிழங்கு, மாவு தூவிய அரிசிக் கட்டி. கொரியர்கள் செல்லப் பிராணிக்குத் தின்பண்டப் பெயர் வைப்பது சகஜமாம். சமையல்கட்டிலிருந்து மீட்ட நாய்க்குமா என்று கேட்க வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. ஒரு கொரியப் பெண் மடியிலிருந்த குட்டியிடம் தன் கணவனைக் காட்டி, "அப்பாகிட்டே போ" என்கிற தொனியில் கொஞ்சினாள். அவள் சொன்னதும் 'அப்பா'தான். அம்மா அங்கே 'ஒம்மா'. நாய் வளர்ப்பவர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். மொழியியல் வாதங்களுக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் கூடத்தின் பாதி அந்நியம் எனக்குக் கழன்றது.

நிகழ்ச்சியை நடத்தியவள் டர்பனிலிருந்து வந்த பெண். கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் விசா பெரும்பாலும் ஏழு நாட்டவருக்குத்தான். அந்த ஏழில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. அவள் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர். இவளுக்குத் தமிழ் கிடையாது. 'தாத்தா', 'ஆயா', 'பூரி' என்று மூன்று சொற்களைச் சொல்லிக் காட்டிவிட்டு, "அவ்வளவுதான் அங்கிள், ஸ்டாக் முடிந்தது" என்று சிரித்தாள். அவளும் கேட்டாள்: "எந்த ஊர் விமானம்?"

அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. இங்கே மீட்கப்படும் பெரிய நாய்களுக்குப் பெரும்பாலும் வீடு கிடைப்பது கடல் தாண்டித்தான்: வான்கூவர், டொராண்டோ, சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ். நாயைச் சரக்காக அனுப்பினால் செலவு கட்டுப்படியாகாது. ஒரு பயணியோடு சேர்த்துவிட்டால் மிச்சம். அதனால் அந்தப் பக்கம் போகிற யாரைக் கண்டாலும் கேட்கிறார்கள். பயணிக்குச் செலவில்லை, இஞ்சியோன் விமான நிலையத்துக்குச் சற்று முன்னதாக வர வேண்டும், காகிதங்களில் கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் பக்கம் இறங்கிக் கூண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் வளர்க்கப் போகிறவர் காத்திருப்பார். அமெரிக்கா 2024 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதம் நிரம்பாத, சிப் பொருத்தாத நாயை உள்ளே விடுவதில்லை. ஆகவே குட்டிகளும் இங்கேயே தங்கிச் செலவு வைக்கின்றன. சென்னைக்காரன் யாருக்கும் பிரயோஜனமில்லை என்பது உண்மைதான்.

வினாடி வினா தொடங்கியது. ஜிந்தோ தீவின் நாய் இனத்தை அரசு இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது எப்போது? 1962. 2017இல் அதிபர் மூன் ஜே-இன் தத்தெடுத்த நாயின் பெயர்? தோரி. கறுப்பு நாய் என்பதாலேயே நெடுநாள் யாரும் எடுக்காமல் காப்பகத்தில் கிடந்தது அது. நாயைக் கட்டிவைக்கும் கயிறு குறைந்தது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? இதற்கு நான் ஒரு மீட்டர் என்று எழுதித் தோற்றேன். இரண்டு மீட்டர், 2023இல் விதியாக்கினார்கள். அதுவரை கிராமத்து வாசல்களில் கட்டிக் கிடந்தவற்றுக்கு 'ஒரு மீட்டர் நாய்' என்றே பெயர் இருந்தது. பிறந்தது முதல் சாவது வரை அந்த வட்டம்தான்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2024 ஜனவரி 9 அன்று கொரிய நாடாளுமன்றம் நாயை உணவுக்காக வளர்ப்பது, வெட்டுவது, விற்பது மூன்றையும் தடை செய்தது. ஆதரவு 208, எதிர்ப்பு பூஜ்யம், நடுநிலை 2. தண்டனை 2027 பிப்ரவரியிலிருந்து. வெட்டினால் மூன்றாண்டு வரை சிறை அல்லது மூன்று கோடி வொன் வரை அபராதம், சாப்பிட்டவனுக்கு ஒன்றுமில்லை. பண்ணையை முதலிலேயே மூடியவருக்கு நாய் ஒன்றுக்கு ஆறு லட்சம் வொன் வரை ஈடு. தாமதிக்கத் தாமதிக்கத் தொகை குறையும். அரசின் அப்போதைய கணக்குப்படி பண்ணைகளில் இருந்தவை ஏறத்தாழ 4,66,000 நாய்கள்.

வியாபாரம் நின்றால் நாய்கள் எங்கே போகும்? ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அநாதைப் பிராணிகள் காப்பகங்களுக்கு வந்து சேர்கிற நாடு இது. அரசுக் காப்பகத்தில் அறிவிப்புக் கொடுத்துப் பத்து நாள் போனால் உரிமை உள்ளூர் நிர்வாகத்துக்கு. அதன்பின் ஊசி போட்டும் முடிக்கலாம். சியோலோ அடுக்குமாடி நகரம். லிஃப்டுக்குள் அடங்குகிற பொம்மை நாய்க்குத்தான் மவுசு. 2023இல் ஒரு பெரிய இணையக் கடையில் நூறு தள்ளுவண்டி விற்றால் 57 நாய்க்கு, 43தான் குழந்தைக்கு. அந்த வண்டியில் பண்ணையிலிருந்து வரும் முப்பது கிலோ மஞ்சள் நாயை எப்படி ஏற்றுவது? பாசத்துக்குக் குறைவில்லாத ஊரில் இந்த நாய்க்கு மட்டும் இடமில்லை.

மூலையில் ஓர் அம்மாள் பார்லித் தண்ணீர் குடித்தபடி உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், ரப்பர் காலணி, காலடியில் பெரிய பை. எல்லோரும் அவரை 'சோஜாங்-நிம்' என்றார்கள்; நிலையத் தலைவர் என்பதை மரியாதையோடு சொல்வது. நூற்றிருபது நாய்களைத் தனியாளாக வைத்திருக்கிறார். இந்தக் கூத்தெல்லாம் அவர் காப்பகத்துக்காகத்தான். வெளிநாட்டவர் பாடினார்கள், கேக் விற்றார்கள், ஏலம் விட்டார்கள். ஆனால் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து மலம் அள்ளுவது இவர். அதைக் கேட்டதும் உபதேசக் கூட்டம் என்ற என் கணிப்பு ஆட்டம் கண்டது. மேடையில் ஒருவர்கூட 'நாய் தின்பவர்கள்' என்ற பேச்சையே எடுக்கவில்லை. ரத்தப் படம் ஒன்றுகூடச் சுவரில் இல்லை. டர்பன் பெண்ணிடம் கேட்டதற்கு, "அது எங்கள் வேலை இல்லை, அங்கிள். நாங்கள் தீவன மூட்டைக்குக் காசு தருகிறவர்கள்" என்றாள்.

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1988 ஒலிம்பிக்கின்போது உலகம் பார்க்கக் கூடாதென்று நாய்க் கறிச் சாறான போஷிந்தாங் கடைகளை அரசு பெரிய சாலைகளிலிருந்து சந்துகளுக்குள் தள்ளியது. 2001இல் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ கொரிய வானொலிப் பேட்டியில் பேச்சு முற்றி இணைப்பைத் துண்டித்தார். நாய்க் கறியைத் தொட்டுப் பார்த்திராத கொரியரும் அன்று கொதித்தார்கள். வெளியிலிருந்து திட்டினால் உள்ளே இருப்பவன் வீம்புக்காவது தட்டை இழுத்து வைத்துக்கொள்வான். கடைசியில் மாற்றியது திட்டல்ல, வீட்டுக்குள் வந்து சோபாவில் ஏறிய நாய் என்றுதான் எனக்குப் படுகிறது.

மறுநாள் சோபொக். கோடையின் மூன்று உச்ச நாட்களில் முதலாவது. உடம்புக்குத் தெம்பு வர ஏதாவது சாறு குடிக்கும் நாள். முன்பு போஷிந்தாங், இப்போது பெரும்பாலும் சம்கியேதாங் என்கிற கோழிச் சாறு. "நாளை என்ன சாப்பிடப் போகிறாய்?" என்று தம்பி மூலம் சோஜாங்-நிம் கேட்டார். கோழிதான் என்றேன். தலையாட்டினார். பிறகு அவராகவே சொன்னார்: எட்டு வயதில் பள்ளி விட்டு வந்தபோது வாசலில் சங்கிலி மட்டும் கிடந்தது, அடுப்பில் சாறு கொதித்தது, அப்பா ஊற்றித் தந்தார், குடித்தேன், நன்றாக இருந்தது. கடைசி இரண்டு சொற்களை மொழிபெயர்க்கத் தம்பி தயங்கினான். எங்கள் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கெடாவுக்கு அகத்திக்கீரை ஒடித்துப் போட்டவன் நான். வெட்டிய அன்று எலும்பு கடித்தவனும் நானே. மேற்கொண்டு அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

கூட்டத்தில் கசப்பும் இல்லாமலில்லை. ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்து, தனிமைக்கு ஒரு குட்டியை எடுத்து, ஒப்பந்தம் முடிந்ததும் விட்டுப் போகும் வாத்தியார்கள் இருக்கிறார்கள். அப்படி விடப்பட்ட மூன்று நாய்கள் சோஜாங்-நிம்மிடமே இருந்தன. அதனால் இந்தக் குழு தன் ஆட்களுக்குத் தத்துக் கொடுப்பதைவிடத் தற்காலிகமாக வளர்க்கக் கொடுப்பதையே விரும்புகிறது. விசா எப்போது முடியும் என்று தெரியாத மனிதர், எந்த ஊர் என்று தெரியாத நாய். இரண்டு பேரும் ஆறு மாதம் ஓர் அறையில் குடித்தனம். டர்பன் பெண் இதுவரை பதினொரு நாய்களை இப்படி வளர்த்து அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றும் போன அன்று அழுதாளா என்று கேட்டேன். "ஐந்தாவது வரை" என்றாள்.

பதினொரு மணிக்குக் காசை எண்ணினார்கள். 27 லட்சத்து 40 ஆயிரம் வொன். கால்நடை மருத்துவரிடம் பாக்கி 41 லட்சம். பெரும்பகுதி இதயப்புழுவுக்கு. கொசு பரப்பும் நோய். மாதக்கணக்கில் சிகிச்சை, அதுவரை நாய் ஓடக் கூடாது. ஒரு கோடி வொன்னுக்கு மேல் பொதுமக்களிடம் திரட்டினால் அரசிடம் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தக் கவலை இவர்களுக்கு இப்போதைக்கு இல்லை. குலுக்கலில் எனக்கும் பரிசு விழுந்தது: ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீட்டர் நாய்க் கயிறு.

மறுநாள் காலை அந்தக் கயிற்றையும், விடுதி வேலைக்காரரிடம் கேட்டு வாங்கிய பழைய துண்டுகளையும் எடுத்துக்கொண்டு தம்பியோடு காப்பகத்துக்குப் போனேன். பாலித்தீன் பந்தல், சேறு, நூற்றிருபது குரல்கள். ஒரு மூலையில் இன்ஜொல்மி. பண்ணையில் 'துன்ஜாங்' என்கிற அந்தரக் கூண்டில் பிறந்து வளர்ந்தது. தரை முழுக்கக் கம்பி வலை, மலம் கீழே விழுந்துவிடும், கழுவும் வேலை மிச்சம். கால் விரல்கள் அகன்று விரிந்திருந்தன. மரப்பலகை மேல் நின்றுகொண்டு மண்ணைப் பார்த்தது.

சோஜாங்-நிம் என் ஆரஞ்சுக் கயிற்றை அதன் கழுத்தில் மாட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டுத் தீவன மூட்டை பிரிக்கப் போய்விட்டார். இழுக்காதே என்று மட்டும் சைகை. நின்றேன். அதுவும் நின்றது. மழை தூறியது. இருபது நிமிடம் போனபின் ஒரு முன்னங்கால் மண்ணைத் தொட்டு, சுட்டதுபோல் மேலே போனது. மறுபடி இறங்கியது. அரை மணியில் நான்கு கால்களும் சேற்றில் இருந்தன. நாங்கள் இருவரும் அதற்கு மேல் ஓர் அடிகூட நகரவில்லை.

தம்பியின் கைபேசி ஒலித்தது. வாசலில் காசு வாங்கிய கனடாக்காரர். வியாழக்கிழமை வான்கூவர் போகிற ஒருவர் கிடைத்துவிட்டார், இரண்டு நாய்களைக் கூட்டிப்போகச் சம்மதம், தூபுவையும் கம்ஜாவையும் தயார் செய்யுங்கள் என்றார். இன்ஜொல்மி பெயர் இல்லை. அதற்கு இன்னும் இரண்டு ஊசி பாக்கி.

(தொடரும்)