ஐந்து மைக்ரான் எலும்பு

மருத்துவ ஆய்வகப் பட்டயப் படிப்பான டி.எம்.எல்.டி. முடித்த கையோடு மன்னார்புரத்தில் ஒரு லேபில் சேர்ந்தேன். ரத்தம் எடுக்கச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். திசுப் பிரிவில் போட்டுவிட்டார்கள். அங்கே மூத்தவர் ஒரு அக்கா. அதிகம் பேச மாட்டார். பேசினால் அது திருத்தமாகத்தான் இருக்கும்.

அறுவையில் எடுத்த துண்டை மெழுகில் புதைத்து, மைக்ரோட்டோமில் நான்கைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்த வேண்டும். கைப்பிடி சுற்றும் வேகம் மாறினால் சீவலின் கனமும் மாறும். கர்ப்பப்பை, பித்தப்பைக்கெல்லாம் கை ஓரளவு பழகியது. எலும்பு வந்ததும் பழகியதெல்லாம் போயிற்று.

தொடை எலும்பிலிருந்து சுரண்டிய துண்டு அது. வெளுத்த சாம்பல் நிறம். அழுத்தினால் எலும்பு மாதிரி எதிர்க்காமல் நெகிழ்ந்தது. அறுத்தால் ஆற்று மணல் ஒட்டிய ஈரத்துணியைக் கிழிப்பது போல நறநறத்தது. ஃபார்மிக் அமிலத்தில் ஊறவைத்துக் கால்சியத்தை நீக்கிய பிறகுதான் சீவ முடியும். மென்மையாகத்தானே இருக்கிறது என்று சீக்கிரமே எடுத்துவிட்டேன். கத்தியில் பல் விழுந்தது. சீவல் முழுக்கக் கோடுகள். "ஏம்மா, கத்திக்கா பரிசோதனை? அமிலத்துக்குப் பண்ணு" என்றார் அக்கா. ஊறிய அமிலத்தில் கொஞ்சம் எடுத்து, அம்மோனியா விட்டு, அம்மோனியம் ஆக்சலேட் சேர்க்கச் சொன்னார். கலங்கினால் கால்சியம் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அதே எலும்பின் அடுத்த துண்டைப் பயந்துபோய் அமிலத்திலேயே கிடக்கவிட்டேன். வெண்ணெயாக வெட்டுப்பட்டதில் எனக்குப் பெருமை. சாயமேற்றினால் எல்லாமே ரோஸ்! நீலமாகத் தெரிய வேண்டிய செல் கருக்கள் ஒன்றுகூட இல்லை. அக்கா திட்டவில்லை; நுண்ணோக்கி முன் உட்காரவைத்தார். "இதைப் பார்த்து டாக்டர் என்ன எழுதுவார், நீயே சொல்லு."

அந்த எலும்பில் டாக்டர் தேடியது ஃபைப்ரஸ் டிஸ்பிளாசியா என்ற நோயை. அதில் நல்ல எலும்பு இருக்க வேண்டிய இடத்தை நார்த்திசு பிடித்துக்கொள்கிறது. நடுவே வளைந்து நெளிந்த முதிராத எலும்புத் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். அவற்றின் ஓரத்தில் எலும்பு கட்டும் செல்கள் வரிசை கட்டி நிற்காது; அடையாளமே அதுதான். வரிசை நிற்கும் வேறு கட்டிகளும் உண்டு. அமிலம் கருவை அழித்த சீவலில், நின்ற வரிசையும் நிற்காததாகத் தெரியும்.

மீதமிருந்த துண்டில் மறுபடி தொடங்கினேன். தினமும் அமிலத்தைச் சோதித்தேன். துண்டு புதைத்த மெழுகு பிளாக்கை ஐஸில் குளிரவைத்தேன். கைப்பிடியை மெதுவாகச் சுற்றினேன். ஒரு கட்டத்தில் கத்தியின் கரகரப்பு நின்று சீவல்கள் ரிப்பன் போலத் தொடர்ந்து வந்தன. அக்கா பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட கொடு" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஃபைப்ரஸ் டிஸ்பிளாசியாவுக்கு 1938இல் பெயர் வைத்தவர் லூயிஸ் லிச்டென்ஸ்டீன். ஆனால் குரோஷியாவின் கிராபினாவில் கிடைத்த, 1,20,000 ஆண்டுகளுக்கும் முந்தைய நியாண்டர்தால் விலா எலும்பிலேயே இது இருந்ததாக 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்று நோயாளிகள் லேபில் கேட்கிறார்கள். இது பரம்பரை நோய் அல்ல. கரு உருவான பிறகு ஏதோ ஒரு செல்லில் ஜி.என்.ஏ.எஸ். மரபணு மாறுவதால் வருவது. புற்றாக மாறுவது மிக அபூர்வம்.

எலும்புத் துண்டுக்கு ரிப்போர்ட் தாமதமானால் தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். கால்சியம் தன் நேரத்தில்தான் கரையும்.