பழைய அரிசியும் பழைய கம்ப்யூட்டரும்

எங்கள் குடவாசல் பக்கத்தில் அரிசி பழசானால்தான் மதிப்பு. புது அரிசி குழைந்துவிடும் என்று நெல்லை ஒரு வருஷம் வைத்திருந்து அரைப்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் சமாசாரம் இதற்கு நேர் எதிர் என்பது எனக்குத் தெரியாமல் போச்சு!

2019 தீபாவளி சமயம். குறுவை நெல் போட்ட பணத்தில் பெண்ணுக்கு ஒரு லேப்டாப் வாங்கக் கும்பகோணம் போனோம். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் விற்கிற பெரிய கடை. "தீபாவளி ஆஃபர் அக்கா, இந்த விலைக்கு வேறெங்கேயும் கிடைக்காது" என்றான் கடைப் பையன். விலையை மட்டும் பேரம் பேசி வாங்கி வந்து, மஞ்சள் குங்குமம் வைத்தோம்.

குறை சொல்லக் கூடாது. மறு வருஷம் ஊரடங்கில் அவள் படிப்பே அதில்தான் நடந்தது. பிறகு மகன் எடுத்துக்கொண்டான். ஆனால் 2021-ல் வந்த விண்டோஸ் 11-ஐ அது ஏற்கவில்லை. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கோ வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஏன் இப்படி என்று பரணிலிருந்த அட்டைப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். தயாரித்த வருஷம் 2017! உளுந்தைக்கூடக் கடித்துப் பார்த்து வாங்குகிற எனக்கு அன்று இதைப் படிக்கத் தோணலையே!

அண்ணன் மகன் சிரித்தான். "உலகம் பூரா இதுதான் வழக்கம் அத்தை. கமடோர் 64-ன்னு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். 1982-ல அமெரிக்காவில 595 டாலர். மறு வருஷமே கிட்டத்தட்ட 200 டாலருக்குப் பொம்மைக் கடையிலகூட வித்தாங்க. புதுப் புது மாடல் வந்த பிறகும், 1994-ல கம்பெனி மூடுற வரைக்கும் அது ஓடுச்சு."

வாஸ்தவம்தான். பழசை விற்பது தப்பில்லை. பழசு என்று சொல்லாமல் விற்பதுதான் தப்பு. சொல்லியிருந்தால் இன்னும் குறைத்துக் கேட்டிருப்பேன். இல்லையேல் கூடக் கொஞ்சம் போட்டுப் புதுசே எடுத்திருப்பேன்.

ஆகையால் சகோதரிகளே, பணம் கொடுக்குமுன் பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதம், வருஷத்தைப் படியுங்கள். "இன்னும் எத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்?" என்று கூசாமல் கேளுங்கள். மாடல் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

எங்கள் லேப்டாப்பை நாங்கள் தூக்கிப் போடவில்லை. நெட் இணைப்பை எடுத்துவிட்டோம். மகன் அதில் டைப் அடித்துப் பழகுகிறான். பாங்க் விஷயம் மட்டும் அதில் கிடையாது.