சூப்பருக்கும் மொக்கைக்கும் நடுவுல!

நீங்க கடைசியா முழுசா படிச்சு முடிச்ச புத்தகம் எதுங்க? பாடப் புத்தகத்தைச் சொன்னால் செல்லாது. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி அடுத்தவன்கிட்ட கெஞ்சி வாங்கிய நோட்ஸும் கணக்கில் வராது. ம்... ஞாபகம் வந்துடுச்சா? சரி, அந்தப் புத்தகம் எப்படி இருந்துச்சு?

'சூப்பர்!'னு சொல்ல வாயெடுத்தீங்கதானே? தெரியும். நம்மில் பாதிப் பேர் அந்தக் கட்சி. மீதிப் பேர் 'மொக்கை' கட்சி. ஒரு மனுஷர் மாசக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதை, நாம ராத்திரி கண் முழிச்சுப் படிச்சுட்டு, காலையில் மெஸ்ஸில் ஒரே வார்த்தையில் மூட்டை கட்டிவிடுகிறோம். அதே மெஸ் இட்லிக்கு எவ்வளவு விவரமா விமர்சனம் செய்கிறோம், கவனிச்சிருக்கீங்களா? 'மாவு புளிச்சிருச்சு, ஓரம் காஞ்சிருக்கு, சாம்பார்ல பருப்பைத் தேடணும்'னு அரை மணி நேரம்! இட்லிக்குக் கிடைக்கிற மரியாதைகூட நாவலுக்குக் கிடையாது.

அதனால் எங்க ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு ஏற்பாடு. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆறேழு பேர் கூடுவோம். அந்த வாரம் படித்தது எதுவானாலும் பேசலாம். நாவல், வாரப் பத்திரிகை, பேருந்து நிலையக் கடையில் வாங்கிய மாத நாவல்... எதுவும் கேவலம் இல்லை. ஆனால் 'சூப்பர்', 'மொக்கை' என்ற இரண்டு வார்த்தைகளுக்கும் தடா. வாயில் வந்தால் அஞ்சு ரூபாய் அபராதம். சேர்கிற காசில் டீ. முதல் மாதம் நாங்கள் ஏகப்பட்ட டீ குடித்தோம் என்பதை இங்கே பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

போன செமஸ்டரில் நான் கொண்டுபோன புத்தகம் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973-ல் வந்த சின்ன நாவல். உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். சென்னையில் ஒரு தெரு. அங்கே ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. சினிமாவில் நடிக்க வைக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஜமுனாவின் வாழ்க்கையைப் பாழாக்கும் ஒரு ஆள். எல்லோருக்கும் பொதுவாக, தண்ணீர் வராத குழாய். இவ்வளவுதான் கதை. வசனத்தில் பஞ்ச் கிடையாது, பாட்டு கிடையாது, ஃபைட் கிடையாது. சோகத்தைக்கூட அந்த மனுஷர் குரல் உயர்த்தாமல்தான் சொல்கிறார். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் என்பதால் சினிமா ஆசை மனிதர்களை என்ன பாடு படுத்தும் என்று பக்கத்தில் இருந்தே பார்த்திருப்பார் போல. நான் படித்து முடித்ததும் 'என்ன, அவ்வளவுதானா?' என்றுதான் தோன்றியது. ரெண்டு நாள் கழித்து, பாத்ரூம் குழாயைத் திருகும்போதெல்லாம் ஜமுனா ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டாள்.

இதைத்தான் மாடியில் சொன்னேன். உடனே எங்க சிவில் இன்ஜினீயரிங் புலி ஒருத்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கதையைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்தும் இல்லை. ஆனால் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டான். "டேய், இது நிஜம்டா. குழாயில எந்நேரமும் தண்ணி ஓடினா உள்ள அழுத்தம் இருக்கும், வெளியில இருக்கறது உள்ள நுழையாது. விட்டு விட்டுத் தண்ணி விடுற ஊர்ல, குழாய் காலியா கிடக்கற நேரத்துல விரிசல் வழியா சாக்கடையை உள்ள இழுத்துக்கும்" என்று கால் மணி நேரம் கிளாஸ் எடுத்தான். சிரிக்காதீங்க. இலக்கியக் கூட்டத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதுவும் ஒரு வாசிப்புதானே?

2019-ஐ மறந்திருக்க மாட்டீங்க. அந்தக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் ரயிலில் ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர். நாவல் வந்து 46 வருஷம் கழித்து! புத்தகம் பழசாகவில்லை என்பது அசோகமித்திரனுக்குப் பெருமையா, நமக்கு வெட்கமா என்று அன்றைக்கு மாடியில் ஒரு சண்டையே நடந்தது. நான் இரண்டாவது கட்சி.

ஆனால் இந்த நாவலைப் பற்றி நான் கேட்ட அருமையான கருத்து மாடியில் கிடைக்கவில்லை. வீட்டில் கிடைத்தது. தீபாவளி லீவுக்குப் போனபோது புத்தகத்தை டிவி மேல் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டேன். அம்மா எட்டாவது வரைக்கும்தான் படித்தவர். வாரப் பத்திரிகை தவிர வேறு எதையும் தொடமாட்டார் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. நான் திரும்பி வருவதற்குள் பாதி நாவல் முடிந்திருந்தது. மறுநாள் தோசை வார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பொண்ணு பாவம், அழணும்னாகூட தண்ணி புடிச்சு முடிச்சுட்டுத்தான் அழ முடியுது. நாங்கள்லாம் அப்படித்தாண்டா அழுதோம். அடிபம்புல வரிசை விட்டுப் போயிருச்சுன்னா அப்புறம் அழுது என்ன பிரயோஜனம்?"

தண்ணீர் என்பது அந்த நாவலில் ஒரு குறியீடு என்று கட்டுரைகளில் படித்திருக்கிறேன். சரியாகத்தான் இருக்கும். ஆனால் குடத்தை இடுப்பில் வைத்து நடந்த அம்மாவுக்கு அது குறியீடு இல்லீங்க, தண்ணி. அந்தத் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றபோதுதான் நான் படித்த புத்தகத்தில் ஒரு பாதியை நான் படிக்கவே முடியாது என்று புரிந்தது. அதை யாராவது எனக்குச் சொன்னால்தான் உண்டு.

பத்திரிகை பற்றியும் ரெண்டு வார்த்தை. இப்ப பத்திரிகை வாங்குறதை விட்டுட்டோம், ஒத்துக்கணும். செல்போனில் வருகிறதே என்கிறோம். 'கல்கி'யே 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து வாரா வாரம் வந்த பத்திரிகை! படம் பார்க்கத் தியேட்டரில் முண்டியடித்த நம்மில் எத்தனை பேர் அந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்திருப்போம்?

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பொக்கிஷம் இருக்கு. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, சேர்த்துத் தைத்து, காலிகோ அட்டை போட்ட பைண்டிங். அதில் ஒன்று 'ஆனந்த விகடன்'ல வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. புத்தகக் கடையில் கிடைப்பதைவிட எனக்கு இந்தக் கிழிசல்தான் பிடிக்கும். ஒரு பக்கம் நிலாவும் ரோபோ நாய் ஜீனோவும் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தைத் திருப்பினால் பாதியில் அறுந்த ஒரு ஜோக், முகப் பவுடர் விளம்பரம். யாரோ ஓரத்தில் பால் கணக்கு வேறு எழுதியிருக்கிறார்கள். எண்பதுகளில் எழுதிய அந்தக் கதை நடப்பது 2021, 2022-ல். எல்லோருக்கும் ரெண்டெழுத்துப் பேர், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி. நிஜ 2021-ல் நாம மாஸ்க் போட்டுக்கொண்டு, கேமராவை ஆஃப் செய்துவிட்டு ஆன்லைன் வகுப்பில் தூங்கினோம். சுஜாதா ஸார்கூட அதை யூகிக்கலை! என் கருத்து: கதையின் சர்வாதிகாரி எனக்குக் கொஞ்சம் நாடகத்தனம். ஆனால் ஜீனோ... அந்த நாய் பேசுகிற கிண்டலுக்காகவே ரெண்டாவது தடவையும் படிக்கலாம்.

மாடியில் இன்னொரு சட்டமும் இருக்கு. புத்தகத்தை முடிக்காமல் வரலாம், தப்பில்லை. ஆனால் எத்தனாவது பக்கத்தில் நிறுத்தினோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அதுவரைக்கும்தான் பேச உரிமை. சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். பெருமாள்முருகனுக்கு நடந்ததை நினைச்சுப் பாருங்க. 'மாதொருபாகன்' வெளிவந்தது 2010-ல். நாலு வருஷம் ஒரு பிரச்னையும் இல்லை. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் நாவலின் சில பக்கங்களை மட்டும் பிரதி எடுத்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். போராட்டம், கடையடைப்பு. 2015 ஜனவரியில் 'எழுத்தாளன் இறந்துவிட்டான்' என்ற பொருளில் அறிவித்துவிட்டு அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம், படித்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது தீர்ப்பில் ஒரு முக்கியமான பகுதி. பிடிக்கலைன்னு சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டுங்க. அந்த நாவல் பிடிக்காதவர்கள் எங்கள் மாடியிலேயே ரெண்டு பேர் இருக்கிறார்கள். ரெண்டு பேரும் கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள். அவர்களோடு விடிய விடியப் பேசலாம். ரெண்டு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வருபவரிடம் என்னத்தைப் பேசுறது?

அந்தப் பேச்சு ஓடிய வாரத்தில்தான் நான் நூலகத்திலிருந்து அவருடைய 'பூக்குழி'யை எடுத்தேன். 2013-ல் வந்த நாவல். அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு மூலமாக 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் தமிழ் நாவல். சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், தான் விரும்பிய சரோஜாவைக் கல்யாணம் செய்து சொந்த ஊருக்குக் கூட்டி வருகிறான். வேற்று சாதிப் பெண். ஊர் கேட்கிறது, அவன் சமாளிக்கிறான். இதில் எந்த சாதியின் பேரும் சொல்லப்படவே இல்லை என்பதைப் பாதிக்கு மேல்தான் கவனித்தேன். பேர் சொல்லாததால்தான் நம்ம ஊர் ஞாபகம் வருது. க்ளைமாக்ஸ் சொல்லமாட்டேன், அடிப்பீங்க.

எனக்குப் பிடித்தது, அடிதடி இல்லாமலேயே பயம் கூடிக்கொண்டு போவது. மாமியார் மாராயி ஒப்பாரி வைக்கிறாள், திட்டுகிறாள், மறுபடி ஒப்பாரி. வருகிற போகிற பெண்கள் சரோஜாவின் நிறத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். வெறும் பேச்சுதான். அந்தப் பாறையின் வெயில் மாதிரி சுடுகிறது. எனக்குக் குறையாகப் பட்டது, சரோஜா இவ்வளவு குறைவாகப் பேசுவது. அவள் மனசுக்குள் இருப்பது நமக்குத் தெரிகிறது, ஆனால் குமரேசனிடம் அவள் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாமே என்று ஆதங்கம்.

எங்க செட்டில் அதிகம் பேசாத ஒருத்தன் உண்டு. பேர் வேண்டாம். அவனும் வேற சாதிப் பெண் ஒருத்தியை மூணு வருஷமாக விரும்புகிறான். இது மாடியில் எல்லோருக்கும் தெரியும், ஊரில் யாருக்கும் தெரியாது. நான் பேசி முடித்ததும் "புக்கைக் குடுடா" என்றான். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவனுக்கு இது கதை இல்லையே. ஆனால் அவனுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று முடிவு பண்ண நான் யார்? கொடுத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் முறை வந்தது. எல்லோரும் அவனையே பார்த்தோம். "சூப்பர்" என்றான். சட்டைப் பையிலிருந்து அஞ்சு ரூபாய்க் காசை எடுத்து நடுவில் வைத்தான். இறங்கிப் போய்விட்டான். அன்னிக்கு யாரும் டீ குடிக்கப் போகலை.

நாலு நாள் கழித்து, துணி துவைக்கிற கல்லுகிட்ட வைத்துத்தான் வாயைத் திறந்தான். "எனக்கு ஊர்க்காரங்க மேலகூட அவ்வளவு கோவம் வரலைடா. குமரேசன் மேலதான் வந்துச்சு. கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிடும், சரியாயிடும்னு எதை நம்பி அவளைக் கூட்டிட்டுப் போனான்? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

நான் சரோஜா சண்டை போடலையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். இவன் குமரேசன் கேட்கவில்லையே என்கிறான். ஒரே புத்தகம்தான்.

அவன் அந்தப் பெண்ணுக்கும் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறான். அவள் ரெண்டு நாளில் படித்து முடித்துவிட்டு, விமர்சனமெல்லாம் ஒன்றும் சொல்லவில்லையாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள்: "நாம எந்த ஊர்ல இருக்கப் போறோம்?" மூணு வருஷத்தில் அவர்கள் பேசாத விஷயம் அதுதானாம். வேலை, வாடகை, வீட்டில் யாரிடம் முதலில் சொல்வது, யாரிடம் சொல்லவே கூடாது என்று இப்போது ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். சில நாள் சண்டையும் நடக்குது. என்ன முடிவு எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

நூலகத்தில் கெடு தாண்டி மூணு வாரம் ஆச்சு. புத்தகத்தைக் கேட்டால், தன் தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறேன் என்கிறான். வீட்டில் முதலில் சொல்லப்போவது அவளிடம்தான் என்று ரெண்டு பேரும் முடிவு செய்திருக்கிறார்களாம். அவ இன்னும் அறுபதாம் பக்கத்துலதான் இருக்காளாம்.