மெழுகுதிரி அணையவில்லை, அதற்காக இறங்கிவிட வேண்டாம்



போன கிழமை எமது பாடசாலைக்குப் பின்வளவில் கிணறு இறைத்தார்கள். மூன்று வருடமாகப் பலகை போட்டு மூடிக் கிடந்த கிணறு. தண்ணீரை வற்ற வைத்துவிட்டுச் சேறு அள்ள ஒரு காக்கா இறங்கினார். ஐந்து நிமிடமும் ஆகவில்லை, "தலை சுத்துது" என்றவர் வாளியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். மேலே நின்ற அவரது மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கப் போக, ஒரு மூத்தவர் அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நல்ல காலம், இறங்கியவரின் உடம்பில் கயிறு கட்டியிருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தோம். வெளிக்காற்று பட்டதும் கண் திறந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

அதன் பிறகுதான் எங்களுக்குச் சுட்டது. "மெழுகுதிரி இறக்கிப் பார்த்தோமே, அணையல்லயே. நீங்கதானே சேர் சொல்லித் தந்த" என்றான் அந்த வீட்டுப் பொடியன். எங்களிடம் படிப்பவன்.

உண்மைதான். விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் வருடா வருடம் சுண்ணாம்பு நீரைப் பால் நிறமாக்கிக் காட்டுவோம், எரியும் குச்சியை அணைத்துக் காட்டுவோம். 'காபனீரொட்சைட்டு தீயை அணைக்கும்' என்று எழுத வைப்போம். பரீட்சைக்கு அது போதும்.

வெளிக்காற்றில் இந்த வாயு கிட்டத்தட்ட 0.04 வீதம். உக்கும் இலைகளிலும் மண்ணிலும் இருந்து வருவது, வளியை விட ஒன்றரை மடங்கு பாரம் என்பதால் காற்றோட்டமில்லாத கிணற்றடியில் தேங்கும். சேற்றைக் கிளறினால் இன்னும் கிளம்பும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. 4 வீதம் என்பதே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. அந்த அளவிலும் மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கலாம். 10 வீதமானால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. அணையாவிட்டால் இறங்கலாம் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. மெதேன் இருந்தால் நெருப்பை இறக்குவதே ஆபத்து. எண்ணெய்ப் பம்பைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டினால் காபனோரொட்சைட்டு வேறு. மெழுகுதிரி அதைக் காட்டித் தரவே மாட்டாது.

இது கிணறு இறைக்கும் காலம். பம்ப் மேலேயே இருக்கட்டும், புகை கிணற்றுப் பக்கம் வராமல். காற்றூதியின் குழாயை அடி வரை விட்டு, இறங்க முன்னரும் ஆள் உள்ளே நிற்கும்வரையும் காற்றடிக்க வேண்டும். அக்குளுக்குக் கீழால் கயிறு, மேலே இழுக்க ஆட்கள், இதெல்லாம் இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தால் கயிற்றால் இழுங்கள், 1990க்கு அழையுங்கள். பின்னால் குதிக்காதீர்கள். மச்சான் என்ற பாசத்தில் குதிப்பவரும் அதே வாயுவைத்தான் சுவாசிப்பார். அன்று அந்த மூத்தவர் பிடித்திருக்காவிட்டால் அந்த வீட்டில் இரண்டு ஜனாஸா.

எமது பள்ளிவாசலில் சந்தூக்கு வைத்திருக்கும் அறையில் இடம் தாராளமாக இருக்கிறது. அங்கே ஒரு காற்றூதியும் நீளக் குழாயும் நல்ல கயிறும் ஊருக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாமா என்று நாளை இஷாவுக்குப் பிறகு நிர்வாகத்தினருடன் பேச இருக்கிறோம். முடிந்தவர்கள் வாருங்கள், கிணறு இறைக்கும் தொழில் செய்வோர் கட்டாயம் வாருங்கள்.